போதைப்பொருளைச் சட்டப்படி திறந்துவிட்டால் பிள்ளைகள் கெட்டுப் போவார்களா?

சகோதரி, உங்கள் கேள்வியை இரண்டு தடவை படித்தேன். தலைப்பில் நீங்கள் கேட்டிருப்பது, போதைப்பொருளுக்குச் சட்டத்தில் இடம் கொடுத்தால் பிள்ளைகளும் சமுதாயமும் கெட்டுப் போகுமா என்று. ஆனால் அதற்குக் கீழே எழுதிய நாலு வரியில்தான் உங்கள் மனசு இருக்கிறது. வீட்டுக்காரரின் தம்பி சாபு என்கிற மெத்தாம்பெட்டமைன் போதைப்பொருளை எடுத்து இரண்டாவது முறையாகப் பிடிபட்டிருக்கிறார். கோயில் கமிட்டியில் உள்ளவர்கள், இவர்களையெல்லாம் தூக்கில் போட்டால்தான் ஊர் உருப்படும் என்கிறார்கள். கோலாலம்பூரில் இருக்கும் உங்கள் அண்ணனோ, தாய்லாந்திலும் போர்ச்சுகலிலும் செய்தது மாதிரி இங்கேயும் திறந்துவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை என்கிறார். நடுவில் படிவம் 1 படிக்கும் பதின்மூன்று வயது மகனை வைத்துக்கொண்டு நீங்கள் நிற்கிறீர்கள். சட்டம் தளர்ந்தால் அந்தச் சரக்கு என் பிள்ளை கைக்கு வந்துவிடுமா, இறுக்கமாகவே இருந்தால் வராமல் இருக்குமா, இதுதான் உங்கள் கேள்வி என்று எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன்.

நான் கெடா மாநிலத்துப் பீடோங்காரன். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்து வீட்டில் பிறந்து, தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்து, மருத்துவ உதவியாளராகி 31 வருடம் அரசு கிளினிக்குகளில் வேலை செய்தேன். அதில் கடைசி 12 வருடம், ஹெராயினுக்கு மாற்றாகக் கொடுக்கும் மெதடோன் மருந்துக் கவுண்டரில். ஹெராயினுக்கு அடிமையானவர்கள் தினமும் காலையில் வந்து, என் கண்ணெதிரே மருந்தைக் குடித்துவிட்டு வேலைக்குப் போவார்கள். நான் டாக்டரும் இல்லை, வக்கீலும் இல்லை. இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். என்னைத் தேடி வந்தவர்கள் எல்லாரும் போதையால் விழுந்தவர்கள். எப்போதாவது எடுத்துவிட்டு எந்தச் சேதமும் இல்லாமல் விலகிப் போனவர்கள் என் கவுண்டருக்கு வந்திருக்க மாட்டார்கள். அதனால் என் பார்வை ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

உங்கள் அண்ணன் சொல்லும் ‘திறந்துவிடுவது’ என்ற சொல்லில் இரண்டு வேறு வேறு காரியங்கள் கலந்து கிடக்கின்றன. கடையில் வைத்து விற்க அனுமதிப்பது ஒன்று. எடுத்தவனை லோக்காப்பில் அடைக்காமல் சிகிச்சைக்கு அனுப்புவது வேறொன்று. தாய்லாந்து செய்தது முதலாவது. போர்ச்சுகல் செய்தது இரண்டாவது. போர்ச்சுகலில் இன்றைக்கும் போதைப்பொருள் விற்பவன் ஜெயிலுக்குத்தான் போகிறான். இந்த இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டிப் பேசுவதால்தான், உங்கள் வீட்டு வாக்குவாதமும் நம் நாட்டு வாக்குவாதமும் முடிவில்லாமல் போகின்றன. என் பதிலும் இரண்டாகத்தான் பிரியும்.

விற்க அனுமதிப்பதைப் பற்றி முதலில் பேசுவோம். அதற்குத் தாய்லாந்து வரை போகத் தேவையில்லை, நம் பாட்டன் பூட்டன் கதையே போதும். சட்டப்படி விற்கப்பட்ட போதை என்ன செய்யும் என்பதை மலாயாத் தமிழர்களைவிட அனுபவித்து அறிந்தவர்கள் குறைவு. தோட்டத்துக் கள்ளுக்கடை ஒளித்து மறைத்து நடந்ததில்லை. லைசன்ஸோடு, தோட்டத்து எல்லைக்குள்ளேயே, வேலை முடிந்து வருகிற வழியில் திறந்து வைத்திருந்தார்கள். எனக்கு ஏழு எட்டு வயது இருக்கும். சம்பள நாள் சாயங்காலம் அம்மா என்னைத்தான் கடைக்கு அனுப்புவார், அப்பா கள்ளுக் கோப்பையைக் கையில் எடுப்பதற்கு முன் பணத்தை வாங்கி வரச் சொல்லி. பல மாதம் நான் போய்ச் சேர்வதற்குள் பாதிச் சம்பளம் கரைந்திருக்கும். எங்கள் லயத்தில் இருபது வீடு. அன்றைக்கு ராத்திரி சண்டைச் சத்தம் கேட்காத வீடு நாலோ ஐந்தோ. எங்கள் அப்பா கெட்டவர் இல்லை. விடியற்காலை நாலரை மணிக்கு எழுந்து கித்துக்காடு என்கிற ரப்பர்க் காட்டுக்குப் போய்ப் பால் வெட்டி, வாளி சுமந்து தோள் வீங்கிப் போன மனிதர். களைப்பு தீர என்ன வழி என்று தேடியவருக்கு, கைக்கு எட்டுகிற தூரத்தில் தோட்டம் கொடுத்தது அது ஒன்றுதான்.

அந்தக் காலத்து மக்கள் இதைப் பேசாமல் தாங்கிக்கொள்ளவில்லை. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் ஆர்.எச். நாதன் தலைமையில் வேலைநிறுத்தம் செய்தபோது, சம்பள உயர்வு, பிள்ளைகளுக்குச் சரியான பள்ளிக்கூடம், வெள்ளைக்காரத் துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற அவமானத்தை ஒழிப்பது ஆகிய கோரிக்கைகளோடு, தோட்டத்துக் கள்ளுக்கடையை மூட வேண்டும் என்பதையும் வைத்தார்கள். போர் முடிந்ததும் எங்கள் பீடோங் பக்கத்து ஹார்வார்டு தோட்டத்தில் ஏ.எம். சாமி தொண்டர் படையைத் தொடங்கினார். கள்ளுக்கடை மறியல் தோட்டம் தோட்டமாகப் பரவியது. 1947-இல் பீடோங்கில் நடந்த மறியலில் போலீஸோடு மோதல் ஏற்பட்டு ஒரு தொழிலாளி உயிரை விட்டார். கடையை மூடச் சொல்லிக் கேட்டவர்கள் படித்தவர்களும் வெளியூர்க்காரர்களும் மட்டும் இல்லை. அந்தக் கடையில் தாங்களே குடித்தவர்களும், குடித்தவர்களின் பெண்டாட்டி பிள்ளைகளும்கூடத்தான். தங்கள் பிள்ளைகளுக்கு என்ன நடக்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

மூடுவது ஏன் அத்தனை கஷ்டமாக இருந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். விற்பனையில் வருமானம் வர ஆரம்பித்துவிட்டால், வருமானம் பார்ப்பவர் யாராக இருந்தாலும் விடமாட்டார். ஆங்கிலேயர் அபின் விற்றதும் இதே கதைதான். பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் சேர்ந்த நீரிணைக் குடியேற்றங்களின் அரசாங்க வருமானத்தில் அபினின் பங்கு சில ஆண்டுகளில் பாதியை எட்டியது. 1910-இல் அபின் வியாபாரத்தை அரசாங்கமே தன் கையில் எடுத்துக்கொண்டது. அபின் கூடாது என்று உலகமெல்லாம் மாநாடு போட்டுப் பேசிய காலத்திலும் இங்கே விற்பனை நடந்தது. ஜப்பான் யுத்தத்துக்குப் பிறகுதான் சட்டப்படி நின்றது. அதனால், சட்டப்பூர்வமாக்கினால் அரசாங்கம் கட்டுப்பாட்டில் வைத்திருக்கும் என்று யாராவது சொன்னால், வரி வருகிற பொருளைக் குறைக்க எந்த அரசாங்கமும் அவசரப்படாது என்பது எனக்கு நினைவுக்கு வரும்.

இதில் எனக்குப் பாதகமான ஓர் உண்மையும் உண்டு, அதை மறைப்பது நியாயமில்லை. கள்ளுக்கடைகள் குறைந்தபோது குடி குறைந்துவிடவில்லை. சம்சு என்கிற மலிவுச் சாராயம் வந்தது. கள்ளில் இருக்கும் சாராயச் சத்து பீரளவுதான். சம்சு நாலைந்து மடங்கு காட்டமானது, சின்னப் புட்டியில் மலிவாக வந்தது, பாக்கெட்டில் போட்டுக்கொண்டு போகலாம். கள்ளு குடித்துத் தள்ளாடியவர்களைப் பார்த்து வளர்ந்த நான், சம்சு குடித்து ஈரல் வெந்து நாற்பது வயதில் செத்தவர்களை வார்டில் பார்த்தேன். ஒன்றைத் தடுக்கும்போது அதைவிடச் சின்னதாக, அதைவிடக் காட்டமாக, ஒளிக்க லேசாக இருக்கிற இன்னொன்று அந்த இடத்துக்கு வருகிறது. கஞ்சாவுக்குப் பின் ஹெராயின் பவுடர், பவுடருக்குப் பின் சாபு என்று என் வேலைக் காலத்திலேயே இந்த மாற்றம் நடந்தது. ஆகவே தடை போட்டால் போதும் என்பவர்களோடும் என்னால் முழுதாக ஒத்துப்போக முடியவில்லை.

விற்பனையைத் திறந்துவிட்டால் பிள்ளைகளுக்கு என்ன ஆகும் என்பதற்கு, நம் கண்முன்னே நடந்த உதாரணம் வேப் என்கிற மின்சிகரெட். 2023 மார்ச் 31-ஆம் தேதி, திரவ நிக்கோட்டினை நச்சுப் பொருள் சட்டத்தின் பட்டியலிலிருந்து அரசாங்கம் எடுத்தது. ஏற்கனவே கள்ளத்தனமாக விற்கிறார்கள், வரி போட்டு முறைப்படுத்துவோம் என்பதுதான் சொல்லப்பட்ட காரணம். ஆனால் முறைப்படுத்த வேண்டிய சட்டம் கையில் தயாராக இல்லை. 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு விற்கக் கூடாது என்கிற சட்டம் 2024 அக்டோபர் 1-ஆம் தேதிதான் நடைமுறைக்கு வந்தது. இடையில் ஒன்றரை வருடம், பத்து வயதுப் பிள்ளைக்கு நிக்கோட்டின் வேப் விற்றாலும் கடைக்காரரைப் பிடிக்க நாடு முழுமைக்குமான வயதுச் சட்டம் இல்லாமல் இருந்தது. மாம்பழம், சிரப் பண்டுங், பபிள்கம் என்று ருசி ருசியாக, பென்சில் பெட்டியில் அடங்குகிற அளவில் விற்றார்கள். அந்த மாதங்களில்தான் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளைப் பெற்றோர் கிளினிக்குக்குக் கொண்டுவருவதை நான் முதல்முறை பார்த்தேன். நெஞ்சு படபடப்பு, வாந்தி. சிலர் வாங்கிய புட்டியில் நிக்கோட்டின் மட்டும் இல்லை, செயற்கைக் கஞ்சாவும் கலந்திருந்தது. கடை எது, சப்ளை செய்தது யார் என்று எங்களுக்கு எந்தத் துப்பும் கிடைக்கவில்லை.

இந்த ஒன்றரை வருடத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆத்திரம் வருகிறது. நிக்கோட்டினுக்கே இப்படி என்றால், இதே கவனக்குறைவோடு கஞ்சாவைத் திறந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். தாய்லாந்தில் கிட்டத்தட்ட அதுதான் நடந்தது. 2022 ஜூன் 9-ஆம் தேதி கஞ்சாவைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். முழுச் சட்டம் பின்னால் வரும் என்றார்கள், வரவில்லை. ஆயிரக்கணக்கில் கடைகள் முளைத்தன. இங்கிருந்து புக்கிட் காயு ஹீத்தாம் எல்லை ஒரு மணி நேர ஓட்டம்தான். எல்லை தாண்டினதும் டானோக்கில் பச்சை இலை போட்ட விளக்குப் பலகையை நீங்களும் பார்த்திருப்பீர்கள். 2025-இல் அவர்களே திரும்பி, மருத்துவர் சீட்டு இருந்தால்தான் விற்கலாம் என்று கட்டுப்படுத்த வேண்டியதாயிற்று.

சின்னக் குழந்தைகளைப் பொறுத்தவரை ஆபத்து தெளிவானது, இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அமெரிக்காவில் பல மாநிலங்கள் கஞ்சாவைத் திறந்த பிறகு, கஞ்சா கலந்த மிட்டாயையும் கேக்கையும் தெரியாமல் தின்ற ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளைப் பற்றி அங்குள்ள நச்சு முறிவு மையங்களுக்கு வந்த தகவல், 2017-இல் 207 ஆக இருந்தது 2021-இல் 3,054 ஆனது. பெரும்பாலும் சொந்த வீட்டிலேயே நடந்தவை. இதை நான் நம்புவதற்கு எண்ணிக்கை தேவையில்லை. என்னிடம் வந்துகொண்டிருந்த ஒருவர் நன்றாகத் தேறி, செம்பனை லாரி ஓட்ட ஆரம்பித்தார். நம்பிக்கையானவர் என்று வார இறுதிக்கு மெதடோனை வீட்டுக்குக் கொடுத்தனுப்பினோம். சிரப் மாதிரி இனிப்பாக இருக்கும். ஐஸ்பெட்டியில் வைத்திருக்கிறார். ஐந்து வயது மகள் எடுத்துக் குடித்துவிட்டாள். தாய் அரை மணி நேரத்துக்குள் தூக்கிக்கொண்டு ஓடி வந்ததால் பிழைத்தாள். முறிவு மருந்து ஒரு மணி நேரத்துக்குள் தீர்ந்துவிடும், மெதடோனோ ஒரு நாளைக்கு மேல் உடம்பில் நிற்கும். அதனால் பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் ட்ரிப் போட்டுக் காவல் காத்தார்கள். அது சட்டப்படியான மருந்து, டாக்டர் எழுதியது, நான் என் கையால் அளந்து கொடுத்தது. அதற்குப் பிறகு பூட்டு போட்ட பெட்டி இருக்கிறது என்று படம் எடுத்துக் காட்டாத யாருக்கும் நான் வீட்டுக்குக் கொடுத்ததில்லை.

பருவ வயதுப் பிள்ளைகளைப் பற்றி இதே உறுதியோடு என்னால் பேச முடியாது. கஞ்சா திறந்த அமெரிக்க மாநிலங்களில் பள்ளி மாணவர்களிடம் எடுத்த கணக்கெடுப்புகளில், எல்லாரும் பயந்த அளவுக்குப் பயன்பாடு கூடியதாகத் தெளிவான முடிவு வரவில்லை. சில ஆய்வுகள் கூடியது என்கின்றன, பல ஆய்வுகள் மாற்றமில்லை என்கின்றன. பெரியவர்களிடையே தினமும் எடுப்பவர்கள் கூடியிருக்கிறார்கள், அது தெரிகிறது. சரக்கின் வீரியம் ஏறியிருப்பதும் தெரிகிறது. 30 வருடத்துக்கு முன் நூற்றுக்கு நாலு பங்காக இருந்த மயக்கச் சத்து இப்போது பதினைந்து, இருபது என்று போகிறது. மூளை இருபத்தைந்து வயதுவரை வளர்கிறது. பதினைந்து பதினாறு வயதுக்கு முன் காட்டமான கஞ்சாவைத் தினமும் எடுக்கிற பிள்ளைக்குப் புத்திக் கோளாறு வருகிற வாய்ப்பு கூடுகிறது, குடும்பத்தில் யாருக்காவது அந்த நோய் இருந்தால் இன்னும் கூடுகிறது. இது பல நாட்டு ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வருகிறது. எந்தப் பிள்ளைக்கு வரும் என்று முன்கூட்டியே கண்டுபிடிக்கத்தான் வழி இல்லை.

ஆகவே உங்கள் அண்ணனுக்கு என் பதில், விற்பனையைத் திறக்க வேண்டாம் என்பது. நம் நாட்டில், இப்போதிருக்கிற அமலாக்கத்தை வைத்துக்கொண்டு, வேண்டவே வேண்டாம்.

இனி கோயில் கமிட்டிக்காரர்கள் பக்கம் வருகிறேன். தூக்குத் தண்டனை இல்லாததால்தான் ஊர் கெட்டுப் போனது என்று நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கு சொல்ல வேண்டும். 1952-ஆம் ஆண்டு அபாயகரப் போதைப்பொருள் சட்டத்தின் 39B பிரிவில், கடத்தலுக்குத் தூக்கைக் கட்டாயமாக்கியது 1983-இல். 15 கிராம் ஹெராயின் வைத்திருந்தாலே கடத்தல்காரன் என்று சட்டம் அனுமானித்துக்கொள்ளும். கட்டாயத் தூக்கு 2023 ஜூலை 4-ஆம் தேதிதான் முழுதாக நீங்கி, முடிவு நீதிபதி கைக்கு வந்தது. அதாவது, நாற்பது வருடம் உலகத்திலேயே கடுமையான சட்டங்களில் ஒன்று நம்மிடம் இருந்தது. அந்த நாற்பது வருடத்துக்குள்தான் நம் தோட்டங்களில் பவுடர் புகுந்தது. அதே காலத்தில்தான் ஊசி வழியாக எச்.ஐ.வி. பரவி, 2002-இல் ஒரே வருடத்தில் 6,978 பேருக்குப் புதிதாகத் தொற்று கண்டுபிடிக்கப்பட்டது. அவர்களில் பெரும்பாலோர் ஊசி போட்டவர்கள். தூக்குக் கயிற்றுக்குப் பயந்து எவனாவது பதினைந்து வயதுப் பையனுக்கு விற்காமல் இருந்தானா என்று கேட்டால், நான் பார்த்தவரை இல்லை. விற்கிற கடைசி ஆளும் பெரும்பாலும் அடிமையானவன்தான், தன் சரக்குக்குக் காசு வேண்டுமென்று விற்கிறவன்.

எடுத்தவனுக்கு நடப்பது வேறு. சிறுநீர்ச் சோதனையில் பாசிட்டிவ் வந்தால் அதே சட்டத்தின் 15-ஆம் பிரிவு. 5,000 ரிங்கிட் வரை அபராதம் அல்லது இரண்டு வருடம் வரை சிறை, பிறகு கண்காணிப்பு. ஏற்கனவே இரண்டு தடவை தண்டனை பெற்றவன் மறுபடி பிடிபட்டால் 39C பிரிவு பாயும். ஐந்திலிருந்து ஏழு வருடம் வரை சிறையும், மூன்று வரை பிரம்படியும். நம் சிறைகளில் இருப்பவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் போதைப்பொருள் சம்பந்தப்பட்டவர்கள். இது சமுதாயத்தைக் காப்பாற்றுகிறதா என்று யோசிக்கும்போது, எனக்கு அந்தப் பிள்ளைகளின் முகம்தான் வருகிறது. அப்பா உள்ளே போனதும் அம்மா இரட்டை ஷிப்ட் பார்க்கப் போகிறார். மூத்த பையன் படிவம் 3-இல் பள்ளியை விட்டு வேலைக்குப் போகிறான், அல்லது வேலை கொடுக்கிறேன் என்று சொல்கிற அடியாள் கெங்கில் சேர்கிறான். என் கவுண்டருக்கு அப்பாவாக வந்தவரின் மகன், பல வருடம் கழித்து நோயாளியாக அதே கவுண்டருக்கு வந்ததை நான் மூன்று குடும்பத்தில் பார்த்தேன். மூன்றிலும் அந்த அப்பா நீண்ட காலம் சிறையில் இருந்தவர். மூன்று குடும்பத்தை வைத்து விதி சொல்ல முடியாது என்று எனக்குத் தெரியும். மறக்கவும் முடியவில்லை.

2005-இல் மெதடோனையும், அடுத்த வருடம் சுத்தமான ஊசி கொடுக்கும் திட்டத்தையும் அரசாங்கம் தொடங்கியபோது, நாங்களே எதிர்த்தோம். ஊசியைக் கையில் கொடுத்தால் போதைக்குப் பச்சைக்கொடி காட்டுவதாகாதா என்று நான் எங்கள் கூட்டத்தில் எழுந்து கேட்டிருக்கிறேன். பள்ளிவாசலிலும் கோயிலிலும் அதே பேச்சு. என்ன நடந்தது? ஊசி வழித் தொற்று வருடா வருடம் இறங்கி, இன்றைக்குப் புதிதாக வரும் எச்.ஐ.வி.யில் ஊசியின் பங்கு மிகச் சிறியதாகிவிட்டது. மெதடோன் குடித்தவன் மறுபடி கித்துக்காட்டுக்கும் பேக்டரிக்கும் போனான், வீட்டுக்கு அரிசி வாங்கினான். நான் எழுந்து கேட்ட கேள்வி தப்பு என்று எனக்குக் காட்டியது அந்த மனிதர்கள்தான். எடுத்தவனை நோயாளியாக நடத்தினால் பிள்ளைகள் கெட்டுப் போவார்கள் என்பதற்கு இந்த இருபது வருடத்தில் நான் ஓர் அடையாளமும் பார்க்கவில்லை.

போர்ச்சுகலில் இதையே சட்டமாகச் செய்தார்கள். 2001 ஜூலையிலிருந்து, பத்து நாள் உபயோகத்துக்குள் வைத்திருப்பவனைக் கோர்ட்டுக்கு அனுப்பாமல், மூன்று பேர் கொண்ட ஒரு குழுவின் முன் உட்கார வைக்கிறார்கள். ஊசி வழி எச்.ஐ.வி. மளமளவென்று இறங்கியது. பிள்ளைகள் கூட்டம் கூட்டமாகப் போதைக்குப் போகவும் இல்லை. ஆனால் அண்ணனிடம் இதையும் சொல்லுங்கள். அங்கே சட்டத்தை மாற்றியதோடு நிறுத்தவில்லை, சிகிச்சைக்குப் பணம் போட்டார்கள். அமெரிக்காவில் ஆரிகன் மாநிலம் 2021-இல் சட்டத்தை முதலில் தளர்த்தியது. சிகிச்சை மையங்களுக்கான பணம் போய்ச் சேரத் தாமதமானது. அதே நேரத்தில் பென்டனில் என்ற கொடிய சரக்கு புகுந்தது. சாவுகள் கூடியதற்குச் சட்டம் காரணமா, பென்டனில் காரணமா என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் உடன்பாடு இல்லை. மக்கள் பொறுமை இழந்தார்கள். 2024 செப்டம்பரில் மறுபடி குற்றமாக்கிவிட்டார்கள். நம் நாட்டிலும் 2019-இல் அப்போதைய சுகாதார அமைச்சர் சுல்கிப்ளி அஹ்மாட் போர்ச்சுகல் போன திசையில் போவதாக அறிவித்தார். அதிலும் கடத்தல் குற்றமாகவே இருக்கும் என்றுதான் சொன்னார். பலர் அதைக் கஞ்சாவைத் திறக்கப் போகிறார்கள் என்று புரிந்துகொண்டு சண்டை போட்டார்கள்.

உங்கள் கொழுந்தனார் எடுப்பது சாபு என்பதால், இங்கே ஓர் எச்சரிக்கை. மெதடோன் ஹெராயின் வகைக்கு மட்டும்தான் வேலை செய்யும். சாபுவுக்கு அந்த மாதிரி மாற்று மருந்து உலகத்தில் எங்கும் இன்னும் நிலைபெறவில்லை. இருப்பது பேச்சு வழிச் சிகிச்சை, ஒழுங்காக வருபவனுக்குச் சின்னச் சின்ன வெகுமதி கொடுத்து ஊக்குவிக்கும் முறை, பொறுமை. இதுதான் என் பக்கத்து வாதத்தின் பலவீனமான இடம். ஜெயிலுக்கு அனுப்பாதே, சிகிச்சைக்கு அனுப்பு என்று நான் சொன்னால், சாபுவுக்கு என்ன சிகிச்சை வைத்திருக்கிறாய் என்று கேட்கலாம். ஹெராயினில் கிடைத்த மாதிரி பலன் சாபுவில் கிடைப்பதில்லை. நாலு நாள் தூங்காமல் இருந்து, சுவருக்குள் யாரோ பேசுகிறார்கள் என்று பாராங் கத்தி எடுத்து நிற்பவனைப் பார்த்துப் பயப்படும் குடும்பத்திடம், அவன் நோயாளி என்று மட்டும் சொல்லிவிட்டு வர முடியாது. அந்த நேரத்தில் பிள்ளைகளை வேறு வீட்டுக்குக் கூட்டிப் போங்கள், 999-க்குப் போன் பண்ணுங்கள். அதில் தப்பே இல்லை.

ஆனால் அவர் இப்போது இரண்டு தடவை பிடிபட்டிருக்கிறார். இரண்டிலும் தண்டனை ஆகிவிட்டால் மூன்றாவது எத்தனை பெரியது என்று மேலே எழுதியிருக்கிறேன். அதனால் இந்த இடைவெளியை விடாதீர்கள். 1983-ஆம் ஆண்டுச் சிகிச்சைச் சட்டத்திலேயே, ஒருவர் தானாக முன்வந்து தேசியப் போதைத் தடுப்பு நிறுவனத்தில் சிகிச்சை கேட்கலாம் என்று இருக்கிறது. ஏ.ஏ.டி.கே. என்றால் எல்லாருக்கும் தெரியும். வழக்கு நிலுவையில் இருந்தால் முதலில் சட்ட உதவி வக்கீலிடம் கேட்டுவிட்டுப் போங்கள், அந்த விஷயத்தில் என் சொல்லை நம்ப வேண்டாம். எடுப்பதை நிறுத்தின முதல் வாரம் நாள் முழுக்கத் தூங்குவார், எழுந்தால் கண்டபடி தின்பார், பிறகு வாழ்க்கையே வெறுத்த மாதிரி உட்கார்ந்திருப்பார். சோம்பேறி என்று திட்டாதீர்கள். தற்கொலை எண்ணம் வருவது அந்த வாரங்களில்தான். யாராவது கூடவே இருக்க வேண்டும்.

மகனைப் பற்றிக் கடைசியாக. ஐஸ்லாந்து என்ற சின்ன நாட்டில் 1998-இல் பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்கு 42 பேர், கடந்த ஒரு மாதத்தில் குடித்து வெறித்ததாகச் சொன்னார்கள். 2016-இல் அது நூற்றுக்கு 5. சிறுவர்களுக்கு விற்கிற வயதைக் கடுமையாக்கினார்கள், ராத்திரி நேரத்தில் வெளியே சுற்றத் தடை போட்டார்கள், அதோடு ஊருக்கு ஊர் விளையாட்டுக்கும் இசைக்கும் அரசாங்கப் பணத்தைக் கொட்டினார்கள், பெற்றோர் தினமும் பிள்ளையோடு நேரம் செலவிடுவதைப் பெரிய இயக்கமாகவே நடத்தினார்கள். இதைப் படித்தபோது எனக்கு எங்கள் தோட்டத்துத் திடல் நினைவுக்கு வந்தது. கள்ளுக்கடையும் இருந்தது, திடலும் இருந்தது. சாயங்காலம் ஐந்து மணிக்குப் பந்து உதைக்கப் போனால், ஏழு மணிக்குக் கோயில் மணி அடிக்கும்வரை வாத்தியாரோ மண்டோரோ யாராவது ஒரு பெரியவர் கரையில் நிற்பார். தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றுத் தாமான் குடியிருப்பு கட்டியபோது திடல் போய்விட்டது. லயத்தை விட்டு மலிவு விலை அடுக்குமாடிக்குப் போன குடும்பங்களுக்குக் கீழே கார் நிறுத்தும் இடம் மட்டும்தான் இருக்கிறது. என்னிடம் வந்த இளவயது நோயாளிகள் முதல்முறை எடுத்த இடம் எங்கே என்று கேட்டால், பெரும்பாலும் அந்தக் கார் நிறுத்துமிடத்துப் படிக்கட்டைத்தான் சொல்வார்கள். மணி, சாயங்காலம் நாலிலிருந்து ஏழு.

உங்கள் மகன் அந்த மூன்று மணி நேரம் எங்கே இருக்கிறான், கூட யார் இருக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும். சித்தப்பாவுக்கு என்ன நடந்தது என்பதை மறைக்காமல் அவனிடம் சொல்லுங்கள். திட்டாமல், அவர் எடுத்தது என்ன, அது உடம்பை என்ன செய்தது, இப்போது எப்படித் திரும்பி வரப் பார்க்கிறார் என்று. பதின்மூன்று வயசுப் பையனுக்கு அது புரியும். அவன் ஏதாவது கேட்டு உங்களால் பதில் சொல்ல முடியாவிட்டால் இங்கே எழுதுங்கள். நான் தினமும் ராத்திரி பார்ப்பேன்.